உலோகத்தின் அகமும் புறமும்

தமிழ்நூல் பயில்வார்க்கு அகம், புறம் என்னும் இரு சொற்களும் நாள்தோறும் பழகியவை. பிறர்க்குப் புலனாவதைப் புறமென்றும், உள்ளே நிகழ்ந்து உணர்வார்க்கே விளங்குவதை அகமென்றும் நம் முன்னோர் வகுத்தனர். உயிரற்ற உலோகத்துக்கு இப்பாகுபாடு பொருந்துமோவெனின், பொருந்தும் என்றே யாம் துணிந்து கூறுவாம். இரும்பின் கருமையும், பித்தளையின் பொலிவும், அலுமினியத்தின் இலேசும் அவற்றின் புறமாகும். அவை எத்தகைய மணிகளால் ஆகியவை, அம்மணிகள் எவ்வாறு நெருங்கிக் கிடக்கின்றன, அவற்றினிடையே எத்துணைப் புழைகள் ஒளிந்துள்ளன என்பன அவற்றின் அகமாகும். புறத்தழகை மட்டும் நோக்கி உலோகத்தை நம்பினோர் பலகால் ஏமாந்தனர். அகத்தை ஆராய்ந்தோரே அதன் வலியையும் மெலிவையும் அறிந்தனர்.

இவ்வாராய்ச்சி எங்ஙனம் தோன்றிற்று, அதனால் விளைந்த பயன் யாது, அது தவறியவிடத்து நேர்ந்த கேடு யாது என்பவற்றை ஈண்டுச் சுருங்கக் கூறுவாம். யாம் தமிழ் பயிலும் மாணவராதலின், விஞ்ஞான வகுப்பு நண்பர்க்குப் புதிதொன்று கற்பிக்கும் எண்ணம் எமக்கில்லை. எம்மைப்போல் ஏட்டுடன் அமர்ந்திருப்பார்க்கு இப்பொருள் தமிழில் விளங்கவேண்டும் என்பதே எம் நோக்கம்.

கலப்பின் இயல்பு

தூய உலோகம் பெரும்பாலும் மென்மையானது. செம்பு எளிதில் வளையும். வெள்ளீயம் அதனினும் எளிதில் வளையும். ஆயினும் இவ்விரண்டையும் உருக்கிக் கலந்தால் வரும் வெண்கலம் இரண்டினும் வலியதாகின்றது. மெலியார் இருவர் கூடி வலியரானது எவ்வாறு?

உலோகத்தின் அணுக்கள் ஒழுங்கான வரிசைகளாக அடுக்கப்பட்டவை. உலோகம் வளையும்போது அவ்வரிசைகள் ஒன்றன்மேலொன்று வழுக்கிச் செல்லுகின்றன. பருமனில் வேறுபட்ட அயலணுக்கள் இடையிடையே புகுந்துவிட்டால் வரிசைகள் கோணுகின்றன, வழுக்குதல் தடைப்படுகின்றது. சமமான சாலையிற் கற்கள் கிடந்தால் வண்டி தடுமாறுவது போன்றதே இதுவும். அத்தடையையே நாம் வலிமை என்கின்றோம்.

உலோகங்கள் கூடும் முறை, சொற்கள் புணரும் முறையை எமக்கு நினைவூட்டுகின்றது. செம்பும் நிக்கலும் எவ்வளவில் கலந்தாலும் ஒரே தன்மைத்தான படிகமாகின்றன. இஃது இயல்புப் புணர்ச்சி போல்வது. அலுமினியமும் செம்பும் அங்ஙனமல்ல. 548 டிகிரி சென்டிகிரேடு வெப்பத்தில் அலுமினியம் தன்னுள் ஐந்தரை விழுக்காட்டிற்குச் சற்று மேற்பட்ட செம்பை ஏற்கும். ஆறிக் குளிர்ந்தபின் அரை விழுக்காட்டையும் தாங்காது. எஞ்சிய செம்பு அலுமினியத்தோடு கூடி, இரண்டுமல்லாத ஒரு புதிய கூட்டுப்பொருளாக உள்ளே வெளிப்படும். இதனைத் தோன்றல் விகாரம் என்னலாம் போலும். எனவே, இன்ன உலோகம் இத்துணைப் பங்கு என்று கணக்கிட்டுவிட்டால் மட்டும் ஒரு கலப்புலோகத்தை அறிந்தவராகோம். அப்பங்குகள் உள்ளே எவ்வடிவில் அமைந்துள்ளன என்பதையும் அறிதல் வேண்டும்.

நம் நாட்டு உருக்கும் பாரடேயும்

இவ்வுண்மை விளங்குதற்கு ஒரு சான்று நம் நாட்டோடு தொடர்புடையது. தென்னிந்தியாவிலும் இலங்கையிலும் மண்மூசைகளில் இரும்பையும் மரப்பொருளையும் இட்டு மூடிக் காய்ச்சி ஆக்கிய உருக்கு, மேலைநாட்டில் ‘ஊட்ஸ்’ என்னும் பெயரால் புகழ்பெற்றது. 1795இல் ஜார்ஜ் பியர்சன் என்பார் இலண்டன் ராயல் சொஸைட்டியில் அதனைப்பற்றி ஓர் ஆராய்ச்சி வெளியிட்டார். கன்னடத்தில் ‘உக்கு’ என்பதன் திரிபே அப்பெயர் என அறிஞர் பலர் கருதுவர். தமிழில் வழங்கும் ‘உருக்கு’ அதற்கு இனமான சொல்லாகும்.

மின்சார ஆராய்ச்சியால் அழியாப் புகழெய்திய மைக்கேல் பாரடே, அப்பணிக்கு முன்னரே நம் உருக்கை ஆராய்ந்தவர் என்பது பலர் அறியாதது. கத்தி முதலிய கருவிகள் செய்வாரான ஜேம்ஸ் ஸ்டோடர்ட் என்பாருடன் கூடி, அதற்கு ஒப்பானதொன்றை ஆக்க அவர் முயன்றார். இரும்போடு வெள்ளி, பிளாட்டினம் முதலிய பல உலோகங்களைக் கலந்து சோதித்து, 1820இலும் 1822இலும் ஆராய்ச்சிக் கட்டுரைகள் வெளியிட்டார். ஊட்ஸ் உருக்கின் சிறப்புக்கு அதிலுள்ள அலுமினாவே காரணம் என 1819இல் அவர் கருதினார். அக்கருத்து நிலைபெறவில்லை. அதனுட் கலந்த கரியே, ஏறத்தாழ நூற்றுக்கு 1 முதல் 2 பங்கு வரை நின்று, அவ்வன்மையைத் தந்தது எனப் பின்னையோர் கண்டனர். பாரடே போன்ற பேரறிஞர்க்கும் இக்காரணம் புலப்படாமைக்கு ஏது யாது? பொருளைக் கரைத்துப் பங்கு காணும் இரசாயனம் அவர் கையிலிருந்தது. பொருளின் அகத்தை நேரே காணும் கண் அக்காலத்தில் இல்லை.

கண் தந்தவர்

அக்கண்ணைத் தந்தவர் ஷெபீல்டு நகரத்தவராகிய ஹென்றி கிளிப்டன் ஸார்பி. இவர் 1826இல் பிறந்து 1908இல் காலஞ்சென்றவர். இங்கிலாந்தின் எஃகுத் தொழிற்குத் தலைநகரமாகிய ஷெபீல்டில், கருவிகள் செய்யும் தொழிலாற் செல்வம் ஈட்டிய குடும்பத்திலே தோன்றினார். தம் பொருளைக்கொண்டு தம் வீட்டிலேயே ஆராய்ச்சி நடத்தினார். முதலில் பாறைகளை ஒளி ஊடுருவும்படி மெல்லிய தகடாகத் தேய்த்து, நுண்பெருக்கிக் கண்ணாடியால் நோக்கினார். மலையை அறிய நுண்பெருக்கியோ எனச் சிலர் நகைத்தனர். அவர் அதனைப் பொருட்படுத்திலர்.

விண்ணிலிருந்து வீழ்ந்த இரும்புக் கற்களை ஆராயப் புகுந்தபோது, மண்ணுலகில் மனிதன் ஆக்கும் இரும்பையும் அவற்றோடு ஒப்பிட்டு நோக்க விழைந்தார். 1863இல் இவ்வேலை தொடங்கிற்று. பாறைபோல உலோகத்தினூடே ஒளி புகாது. ஆதலின் அவர் வேறு முறையைக் கைக்கொண்டார். எஃகுத் துண்டின் முகத்தைக் கீறலேதுமின்றிக் கண்ணாடிபோல மெருகிட்டார். பின்னர் நீர் கலந்த நைட்ரிக் அமிலத்தில் அதனைச் சற்றே நனைத்தார். அமிலம் எல்லாவிடத்தையும் ஒருபடித்தாக அரிப்பதில்லை. மணிகளின் எல்லைகளை ஒருவாறாகவும், மணிகளின் உட்பகுதியை வேறொருவாறாகவும் அரிக்கும். அவ்வேறுபாட்டால், மெருகில் மறைந்து கிடந்த அமைப்பு முழுதும் கோலம்போல வெளிப்பட்டது.

1864இல் பாத் நகரில் கூடிய பிரிட்டிஷ் அஸோசியேஷன் சபையில் அவர் தம் முடிவுகளைக் காட்டினார். கேட்டோர் பலரும் அதனை ஒரு வேடிக்கையாகவே கருதினர். அந்நாளில் ஓர் இரயில் விபத்து நேர்ந்து, தண்டவாளத்தைப் பெயர்த்து நுண்பெருக்கியால் ஆராய்க எனத் தாம் கூறியிருப்பின், தம்மைப் பித்தர் விடுதிக்கு உரியவர் என்றே எண்ணியிருப்பர் எனப் பிற்காலத்தில் அவரே நினைவுகூர்ந்தார். இருபதாண்டுகள் கழிந்தபின், 1885 முதல் 1887 வரை, இரும்பு எஃகுக் கழகத்தின் முன்னர் அவர் மீண்டும் தம் ஆய்வைப் படித்தபோதுதான் உலகம் செவிசாய்த்தது. எஃகிலே முத்துப்போல் ஒளிரும் ஒரு பகுதியை, 650 மடங்கு பெருக்கிக் காட்டும் கண்ணாடியால் அவர் நோக்கினார். மென்மையான இரும்பும் கடினமான கரிக்கூட்டும் மாறிமாறி அடுக்கிய மெல்லிய தகடுகளே அப்பகுதி எனத் தெளிந்தார். அதற்கு ‘பெர்லைட்’ என்னும் பெயர் பின்னர் வழங்கலாயிற்று. ஜெர்மனியில் அடால்ப் மார்ட்டன்ஸ் என்பாரும் 1878 முதல் இத்துறையில் உழைத்தார். பழுக்கக் காய்ச்சி நீரில் தோய்த்த எஃகில் தோன்றும் கடினமான அமைப்புக்கு ‘மார்ட்டன்ஸைட்’ என அவர் பெயரே இடப்பட்டது.

நம்மூர்க் கொல்லர் இரும்பைக் காய்ச்சித் தண்ணீரில் இடுவதைத் தோய்ச்சல் என்பர். அதனால் அருவாள் கூர்மை தாங்கும் என்பது அவர் கையறிந்த உண்மை. அது ஏன் என்பதை இந்நுண்பெருக்கியே அறிவித்தது. மெல்ல ஆறினால் கரி தகடு தகடாகப் பிரிந்து நிற்கும். விரைந்து குளிர்ந்தால் பிரிய நேரமின்றி இரும்பினுள் அகப்பட்டு வரிசைகளை நெருக்கி இறுக்கும். பொருளும் அதுவே, பங்கும் அதுவே. அமைப்பு மாறியதும் குணமும் மாறிற்று.

நுண்பெருக்கிக்கும் எட்டாதது

அகத்தினுள்ளும் அகம் ஒன்று உண்டென்பதை ஆல்பிரட் வில்ம் என்னும் ஜெர்மானியர் கண்ட செய்தி காட்டும். பெர்லினுக்கு அண்மையிலுள்ள ஓர் ஆராய்ச்சி நிலையத்தில், தோட்டா உறைகளுக்குப் பித்தளைக்கு மாற்றாக வலிய அலுமினியக் கலப்பு ஒன்றை அவர் தேடினார். 1906இல் செம்பும் சிறிது மக்னீஸியமும் சேர்ந்த அலுமினியத்தைக் காய்ச்சித் தோய்த்துச் சோதித்தபோது பெரும்பயன் ஒன்றும் காணவில்லை. சனிக்கிழமை நிறுத்திய சோதனையைத் திங்கட்கிழமை தொடர்ந்தபோது, அத்துண்டு முன்னிலும் மிக்க வன்மை பெற்றிருந்தது என்பர். யாரும் தொடாமல், காய்ச்சாமல், அடிக்காமல், வெறுமனே கிடந்தே உலோகம் வலிமை பெற்றது! இதுவே ‘டூராலுமின்’ என்னும் பெயரோடு ஜெப்பலின் வானக்கப்பல்களுக்கும், பின்னர் விமானங்களுக்கும் உடலாயிற்று.

இதன் காரணம் வில்முக்கு விளங்கவில்லை. நுண்பெருக்கியால் நோக்கினும் புதிய மாற்றம் ஒன்றும் தோன்றவில்லை. 1919இல் அமெரிக்கத் தர நிர்ணய நிலையத்தைச் சார்ந்த மெரிக்காவும் அவர்தம் துணைவரும், கண்ணாடிக்கு எட்டாத நுண்துகள்கள் உள்ளே பிரிந்து நிற்றல் வேண்டும் எனத் தருக்கத்தால் துணிந்தனர். மேலே கூறியபடி, குளிர்ந்த அலுமினியம் தாங்கவியலாத செம்பு மெல்ல ஒதுங்குவதே அம்மாற்றம் என்பது அவர் கொள்கை. 1938இல் பிரான்ஸில் கினியேயும், இங்கிலாந்தில் பிரஸ்டனும், ஒருவரையொருவர் சாராது, எக்ஸ் கதிர்களால் அச்செம்பணுத் திரள்களைக் கண்டு அக்கொள்கையை மெய்ப்பித்தனர். அத்திரள்கள் ஓரணு கனமேயுள்ள சிறு வட்டங்கள்! பல ஆண்டுகள் மனிதன் அவற்றை நம்பி வானிற் பறந்தான். பின்னரே அவற்றைக் கண்டான்.

புழை என்னும் பகை

இதுவரை உலோகத்தினுள் இருப்பதைக் கூறினோம். இனி, உள்ளே இல்லாமையாகிய புழையைக் கூறுவாம். வீட்டில் ஆப்பம் வார்க்கும்போது, மாவு புளித்ததனால் எழுந்த வாயு கண்கண்ணாகத் துளையிட்டு நிற்பதை யாவரும் அறிவர். உலோக வார்ப்பிலும் இத்தகைய கண்கள் உண்டாகின்றன. அலுமினியம் இதற்குச் சிறந்த எடுத்துக்காட்டு. உருகிய அலுமினியம் காற்றிலும் கருவியிலுமுள்ள ஈரத்தைச் சிதைத்து, அதன் ஹைட்ரஜனைத் தன்னுள் கரைத்துக்கொள்ளும். அஃது உறையும்போது, தான் கொண்டதில் ஏறத்தாழ 20இல் ஒரு பங்கையே தன்னுள் வைத்திருக்க இயலும். எஞ்சியது குமிழியாகித் தப்ப முயலும்; சுற்றிலும் உலோகம் உறைந்துவிட்டமையால் வழியின்றி உள்ளேயே சிறைப்படும்.

புழைக்கு மற்றுமொரு காரணம் சுருங்குதல். உறையும்போது அலுமினியத்தின் கன அளவு நூற்றுக்கு ஆறு பங்கு அளவில் குறைகின்றது. அக்குறையை நிரப்ப உருகிய உலோகம் வந்து சேராவிடின், கடைசியாக உறையுமிடத்தில் கோணல்மாணலான வெற்றிடம் விளையும். வார்ப்பவர் அச்சின்மேல் மிகையான உலோகத்தைத் தேக்கி நிறுத்தி, அது கடைசியில் உறையும்படி செய்வது இதற்காகவே. ஆர்கான் முதலிய வாயுவை உருகிய உலோகத்தினூடே செலுத்தி ஹைட்ரஜனை வெளியேற்றுவர்.

சிறு புழையால் இத்துணைத் தீங்கோ எனின், ஆம் என்க. ஒரு தகட்டின் நடுவே சிறிய வட்டத்துளை இருப்பின், தகட்டை இழுக்கும்போது அத்துளையின் விளிம்பில் விசை மும்மடங்காகும். துளை நீண்டு கூர்மையானால் விசை இன்னும் மிகும் என 1913இல் கேம்பிரிட்ஜைச் சார்ந்த இங்கிலிஸ் கணித்துக் காட்டினார். எனவே, புழையின் பரப்பைவிட அதன் வடிவமும், அஃது இருக்குமிடமுமே கேட்டுக்குக் காரணமாகும். ஒருமுறை இழுத்தால் தாங்கும் உலோகம், பல்லாயிரமுறை இழுத்து விட்டால் களைத்துப் பிளக்கும். புழையின் விளிம்பே பெரும்பாலும் அப்பிளவு தொடங்குமிடம்.

ஆயினும், புழையெல்லாம் பகையன்று. வெண்கலப் பொடியை அழுத்திச் சூடேற்றி, வேண்டுமென்றே புழைகள் விட்டுச் செய்யும் தாங்கு வளையங்கள் அப்புழைகளில் எண்ணெயைத் தாங்கி நிற்பதால், மீண்டும் மீண்டும் எண்ணெயிடாமலே சுழலும். எலும்புக்கு மாற்றாகப் பொருத்தும் டைட்டேனியத்தில் புழைகள் விட்டால், அவற்றினுள் எலும்பு வளர்ந்து பிணையும். எங்கு, எவ்வளவு, எதற்காக என அறிந்து விட்ட புழை பணிசெய்யும். அறியாமல் நேர்ந்த புழை உயிர்வாங்கும்.

ஒரு குழி, 112 உயிர்

1989 ஜூலை 19ஆம் நாள், அமெரிக்காவில் டென்வரிலிருந்து சிகாகோவுக்கு 296 பேருடன் ஒரு விமானம் சென்றது. நடுவானில் வால்பக்க எஞ்சினின் முன்னுள்ள பெரிய டைட்டேனியச் சக்கரம் வெடித்துச் சிதறியது. சிதறல்கள் விமானத்தைத் திருப்பும் எண்ணெய்க் குழாய்கள் மூன்றனையும் அறுத்தன. விமானத் தலைவர் ஆல்பிரட் ஹேய்ன்ஸும் துணைவரும், இருபுறத்து எஞ்சின்களின் வேகத்தை ஏற்றியும் இறக்கியுமே விமானத்தைத் திருப்பி, அயோவா மாநிலத்து சூ ஸிட்டி நகரின் விமானத் தளத்தை அடைந்தனர். தரையில் மோதி விமானம் பிளந்தது. 112 பேர் இறந்தனர். அவர்தம் பெருமுயற்சியால் 184 பேர் பிழைத்தனர்.

அச்சக்கரத்தின் துண்டுகள் மூன்று மாதங்கள் கழித்துச் சோளக்கொல்லை ஒன்றிற் கிடைத்தன. விபத்துக்களை ஆராயும் அரசாங்கக் குழுவினர், ஸார்பி காட்டிய வழியே, அவற்றை அறுத்து, மெருகிட்டு, நுண்பெருக்கியால் நோக்கினர். டைட்டேனியத்தை உருக்கிய 1971ஆம் ஆண்டில், நைட்ரஜன் மிகுந்த, நொறுங்கும் தன்மையுள்ள ஒரு துகள் அதனுள் கரையாது நின்றுவிட்டது. சக்கரத்தைக் கடைந்து முடித்தபோதே அது பெரும்பாலும் உதிர்ந்து, ஏறத்தாழ 1.4 மில்லிமீட்டர் நீளமும் 0.4 மில்லிமீட்டர் ஆழமும் உடைய ஒரு குழியாயிற்று. ஓர் அரிசிமணியினும் சிறிது அக்குழி! அதிலிருந்து தொடங்கிய பிளவு, 17 ஆண்டுகளில், ஒவ்வொரு பறப்புக்கும் சிறிது சிறிதாக வளர்ந்தது.

இடையில் அச்சக்கரத்தை யாரும் சோதிக்கவில்லையா எனின், பலமுறை சோதித்தனர். பிளவினுள் புகுந்து ஒளிரும் சாயத்தைப் பூசி நோக்குவது அச்சோதனை. இறுதியாக 1988இல் நோக்கியபோது, கண்ணுக்குப் புலனாகக்கூடிய அளவினதாகவே பிளவு வளர்ந்திருந்தது எனக் குழுவினர் முடிவு செய்தனர். நோக்கியவர் கண்ணுக்கு அது தப்பிற்று. மனிதக் கண்ணும் கவனமும் எத்தன்மையன என்பதைச் சோதனை முறையை வகுத்தோர் போதிய அளவு எண்ணிப் பாராமையே காரணம் என்பது அக்குழுவின் தீர்ப்பு. உலோகத்தின் அகத்தை ஆராயும் கலை, ஆராய்வாரின் அகத்தையும் உடன் ஆராயவேண்டும் என்பது இதனாற் பெறப்படும்.

இக்காலத்து முயற்சிகள்

குடம் வாங்கும் தாய்மார் அதனை விரலால் தட்டி ஓசை கேட்டே வாங்குவர். அம்முறையே இன்று நுண்மையெய்திச் செவிக்கெட்டாத ஓசையலைகளை உலோகத்தினுள் செலுத்தி, அவை திரும்பி வரும் வகையால் புழையையும் பிளவையும் அறிகின்றனர். எக்ஸ் கதிர்களால் பலபக்கமும் படமெடுத்துப் புழைகளின் முழுவடிவையும் காண்கின்றனர். 1955இல் அமெரிக்காவில் ஓஹையோ மாநிலத்துப் பாட்டெல் நிலையத்தார் தோற்றுவித்த முறையால், வார்த்த பொருளைச் சூடாக்கி, ஆயிரம் காற்றழுத்த அளவில் வாயுவால் எல்லாப் பக்கமும் நெருக்கி, உள்ளே மூடிக்கிடக்கும் புழைகளை ஒட்டச் செய்கின்றனர். வெளியே வாய்திறந்த புழைக்கு இம்மருந்து பயன்படாது. வாயு அதனுள்ளும் புகுந்து இருபுறமும் சமமாக அழுத்திவிடும்.

உலோகப் பொடியை லேஸர் ஒளியால் உருக்கி, அடுக்கடுக்காகப் பொருள்களை ஆக்கும் புதிய தொழிலிலும் புழையே பெரும்பகை. ஒளி குறைந்தால் பொடி முற்றும் ஒட்டாது. மிகுந்தால் உலோகம் ஆவியாகி ஆழ்ந்த குழியிட்டு, அதன் அடியில் வாயு அகப்படும். அமெரிக்காவின் ஆர்கான் தேசிய ஆய்வுக்கூடத்தாரும் கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தாரும் இக்குழி உண்டாவதை அதிவேக எக்ஸ் கதிர்ப் படங்களால் நேரே கண்டு 2019இல் வெளியிட்டனர். புழை பிறந்தபின் தேடிய காலம் போய், அது பிறக்கும்போதே காணும் காலம் வந்துள்ளது.

முடிவுரை

ஸார்பியின் பேச்சைக் கேளாது கழிந்த இருபதாண்டுகளை எண்ணும்போதெல்லாம் எமக்கு ஒன்று தோன்றுகின்றது. அவர்க்குப் பின் வந்தோர் எத்துணையோ சிறந்த கருவிகள் படைத்தனர். எனினும் நோக்கவேண்டும் என்னும் விருப்பமே முதற் கருவி. அருவாள் அடிக்கும் கொல்லரிடமும், விளக்கு வார்க்கும் கன்னாரிடமும் நெடுங்காலமாகச் சேர்ந்த கையறிவு நம்மிடை இன்றும் உண்டு. உருக்கு, மூசை, தோய்ச்சல், வார்ப்பு என அதற்குரிய சொற்களும் தமிழில் உண்டு. அச்சொற்களைப் பட்டறையிலேயே விட்டுவிட்டு, ஆய்வுக்கூடத்தில் வேற்றுமொழியை மட்டும் வழங்குவோமாயின், கையறிவும் நூலறிவும் ஒன்றையொன்று அறியாமலே கழியும்.

ஆதலின் நம் கல்லூரி நண்பர்க்கு ஒரு விண்ணப்பம். விஞ்ஞானம் பயில்வோர் வரும் விடுமுறையில் தம் ஊர்ப் பட்டறை ஒன்றில் ஒருபொழுது நின்று, கொல்லர் என்ன சொல்லுகிறார் எனக் கேட்டு எழுதிவருவாராக. தமிழ் பயில்வோர் ஆய்வுக்கூடத்துள் ஒருமுறை புகுந்து, மெருகிட்ட எஃகுத் துண்டொன்றை நுண்பெருக்கியால் நோக்குவாராக. இருவரும் கண்டதை இம்மலரில் அடுத்த ஆண்டு எழுதுவராயின், யாம் தொடங்கிய இச்சிறு கட்டுரை தன் பயனை எய்தியதாகும்.